ஓராண்டு முதுமாணியா, ஆறாண்டுக் கலாநிதியா: மலையகத்துப் பொறியியல் பட்டதாரி போட வேண்டிய கணக்கு

தலவாக்கலையிலோ பசறையிலோ ஒரு தோட்டக் குடும்பத்துப் பிள்ளை பொறியியல் பட்டத்தோடு வீடு திரும்பி, மேலும் படிக்கப் போவதாகச் சொன்னால், வீட்டார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இன்னும் எத்தனை வருசம்?" அப்படிக் கேட்பதில் பிழையில்லை. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேற்றுக்கும், அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்கும் பல்கலைக்கழகப் பதிவுக்கும் காத்திருந்து, நான்காண்டுப் பட்டத்தையும் முடித்து வெளியே வரும்போது பிள்ளைக்கு வயது 25ஐயோ 26ஐயோ தொட்டுவிடுகிறது. அந்த வயதில் தகப்பனுக்கு ஓய்வு நெருங்கியிருக்கும். தாய் இன்னும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார்.

மறுபக்கம், வெளிநாட்டுக் கல்வி முகவர்களின் துண்டுப்பிரசுரங்கள் ஆண்டுக் கணக்கை எளிதாகச் சொல்லிவிடுகின்றன. இங்கிலாந்தில் முதுமாணிக்கு 1 ஆண்டு, ஜெர்மனியில் 2 ஆண்டு, அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்கு 5 அல்லது 6 ஆண்டு. இந்த எண்களை வரிசையாக வைத்து மிகச் சிறியதைத் தெரிவுசெய்வது, கூடையின் பாரத்தைக் கழிக்காமல் கொழுந்தை நிறுப்பதைப் போன்றது. என்னுடைய கணக்கில் மறக்கக் கூடாத கூடைப் பாரம் இரண்டு. படிக்கும் காலத்தில் வருமானம் இல்லாமற்போகும் ஆண்டுகள் ஒன்று; படிப்புக்காகப் பட்ட கடனைத் தீர்க்கச் செல்லும் ஆண்டுகள் மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், குறுகியதாகத் தோன்றிய பட்டங்கள் சில நீள்கின்றன. நீண்டதாகப் பயமுறுத்திய பட்டம் ஒன்று சுருங்குகிறது.

முதலில் உள்நாட்டு ஏற்பாட்டைப் பார்ப்போம். பட்டங்களை மட்டங்களாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டத்தில் உள்ளது. அதற்கு மேல் பட்டப்பின் சான்றிதழும் டிப்ளோமாவும் 7ஆம், 8ஆம் மட்டங்களிலும், பாடநெறியால் மட்டும் பெறும் முதுமாணி 9ஆம் மட்டத்திலும், பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டத்திலும், முழுவதும் ஆய்வாலான முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) 11ஆம் மட்டத்திலும், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்திலும் அமைகின்றன. 9ஆம் மட்ட முதுமாணிக்கு 30 கிரெடிட்டும் 10ஆம் மட்டத்துக்கு 60 கிரெடிட்டும் குறைந்தபட்சம் வேண்டும். முழுநேரமாகப் படித்தால் முதலாவது ஓராண்டிலும் இரண்டாவது ஈராண்டிலும் முடியும். முதுதத்துவமாணிக்குக் குறைந்தது 2 ஆண்டு, கலாநிதிக்குக் குறைந்தது 3 ஆண்டு என்பது சட்டகத்தின் கணக்கு. 'குறைந்தது' என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை.

பாடநெறிக்குரிய ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 50 மணி நேரத்தைக் குறிக்கிறது. அவ்வாறாயின் 30 கிரெடிட் என்பது 1,500 மணி நேரம். 60 கிரெடிட் என்பது 3,000 மணி நேரத்துக்குக் குறையாது. வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதி வகுப்புகளில் படிக்கும் ஒருவர், வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம் ஒதுக்கினாலும், 3,000 மணி நேரத்தை நிரப்ப 150 வாரங்கள், அதாவது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தேவை. இந்தப் பெருக்கலைப் பதிவின்போதே செய்துபார்த்திருந்தால், இரண்டு ஆண்டில் முடியும் என்று சொல்லப்பட்ட முதுமாணி எனக்கு ஏன் நான்கு ஆண்டு எடுத்தது என்பதை நினைத்து நான் பின்னாளில் நொந்திருக்க மாட்டேன். பாடங்களை ஒன்றரை ஆண்டில் முடித்துவிட்டேன். மீதிக் காலம் முழுவதும் ஆய்வறிக்கைக்கே போனது. நடுவில் மேற்பார்வையாளர் மாறியதால் தலைப்பும் மாறியது. ஆய்வறிக்கையைக் கைவிட்டுப் பட்டப்பின் டிப்ளோமாவோடு விலகிய நண்பர்கள் உண்டு. தோட்டத்துப் பேச்சில் சொன்னால் அது அரைப்பேர். வேலை செய்ததற்குப் பதிவு உண்டு, முழு நாளுக்கான கூலி கிடைப்பதில்லை.

இந்த உள்நாட்டு வழியின் பெரும் பலம், சம்பளம் ஒரு மாதமும் நிற்பதில்லை என்பதே. 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு இடம்மாறிய பொறியியற் பீடம் மலையகத்தின் வாசலிலேயே இருக்கிறது. ஹற்றனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகப் போய்வருவதென்றால், ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரமாவது பஸ்ஸில் கழியும். பதுளையிலிருந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர் வெள்ளிக்கிழமை இரவையே பஸ்ஸில் கழிக்க வேண்டும். அந்த மணிகளும் படிப்பின் கணக்கில் சேர வேண்டியவை. எனினும் வீட்டுக்குக் கடன் ஏற்படாத வழி என்ற வகையில், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன்.

முதுதத்துவமாணியைப் பற்றி நம்மவர்களிடையே அறிதல் குறைவு. ஆய்வு நிதியோடு உதவியாளர் கொடுப்பனவு கிடைத்தால் ஈராண்டில் முடிக்கலாம். வேலை நன்றாக முன்னேறினால் அதே பதிவைக் கலாநிதிப் பதிவாக உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. கொடுப்பனவு இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதிருப்பதே நல்லது.

வெளிநாட்டு முதுமாணிகளை ஒப்பிடும்போது ஆண்டைவிட மணி நேரமே உண்மை சொல்கிறது. இங்கிலாந்தின் ஓராண்டு முதுமாணி 180 கிரெடிட் கொண்டது. அங்கே ஒரு கிரெடிட் 10 மணி நேரம். ஆகவே மொத்தம் 1,800 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 கிரெடிட், வழக்கமாக ஆய்வறிக்கைக்குரியது. ஜெர்மனியின் ஈராண்டு முதுமாணி 120 ஐரோப்பியக் கிரெடிட் கொண்டது; அங்கே ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று கொள்வதால் மொத்தம் 3,600 மணி நேரம். நம்முடைய 10ஆம் மட்ட முதுமாணியின் 3,000 மணி நேரம் இவ்விரண்டுக்கும் இடையில், ஜெர்மனிக்கு அருகில் நிற்கிறது. பேராதனையில் வார இறுதிகளில் படித்துப் பெற்ற முதுமாணியை "உள்ளூர்ப் பட்டம்தானே" என்று இளக்காரமாகப் பேசுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தின் ஓராண்டுப் படிப்பு தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. நெருக்கமாகக் கட்டப்பட்ட, வேகமான படிப்பு அது. பிரச்சினை பணத்தில் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கான பொறியியல் முதுமாணிக் கட்டணம் 20,000 பவுணைத் தாண்டுகிறது. வாழ்க்கைச் செலவு அதற்கு மேல். இலங்கையில் ஒரு பொறியியலாளர் வாங்கும் சம்பளத்தைக் கொண்டு அந்தக் கடனை அடைப்பதென்றால், ஓராண்டுப் படிப்பின் வால் பத்தாண்டு நீளலாம். சொந்த வீடும் காணியும் ஈடு வைக்கக்கூடிய குடும்பத்துக்கு இது துணிச்சலான முதலீடாக இருக்கலாம். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டுக்கு உறுதிப்பத்திரமே இல்லாத குடும்பத்துக்கு ஈடு வைக்க என்ன இருக்கிறது? பிரித்தானிய அரசின் செவனிங் போன்ற முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் கணக்கு தலைகீழாக மாறும். அதற்கு விண்ணப்பிக்க இரண்டாண்டளவு வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்த பின் குறைந்தது இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்கவும் வேண்டும். திரும்பி வந்து இங்கேயே வேலை செய்ய எண்ணுவோருக்கு அந்த நிபந்தனை ஒரு சுமையன்று.

ஓராண்டு முதுமாணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விரிவுரையாளராக விரும்புவோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் சிரேஷ்ட விரிவுரையாளர் நிலைக்கு உயர, ஆய்வுக் கூறுடைய, குறைந்தது இரண்டு கல்வியாண்டுக் காலம் கொண்ட பட்டப்பின் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. குறுகிய வழியில் போனவர் இங்கே வந்து நின்று, மீண்டும் ஒரு படிப்பைத் தொடங்க நேரிடலாம்.

ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்கள் கற்கைக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அண்மையில் கட்டணம் விதிக்கத் தொடங்கியிருக்கிறது. கட்டணம் இல்லை என்றதும் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வீசாவுக்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முடக்கிய வங்கிக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ. இந்தப் பணம் மாதாமாதம் நமக்கே திரும்பி வருவதுதான். ஆனால் முதலில் அதைத் திரட்டுவது யார்? மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு என்பதால் இரண்டாம் ஆண்டைச் சமாளித்துவிடலாம். அப்படி வேலை செய்வதாலேயே பலருக்கு இரண்டு ஆண்டு இரண்டரையாகவும் மூன்றாகவும் இழுபடுகிறது. இரண்டாண்டு வேலை அனுபவம் உள்ளவர்கள் ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை வளர்முக நாடுகளுக்கென வழங்கும் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்ற விதியை மனதிற்கொண்டு, வேலைக்குப் போன நாளிலிருந்தே நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பான் வழி நேரானது: முதுமாணி 2 ஆண்டு, கலாநிதி 3 ஆண்டு. ஜப்பான் அரசின் புலமைப்பரிசில் 35 வயதுக்குட்பட்டோருக்குரியது. கட்டணம் இல்லை, மாதம் ஏறத்தாழ 144,000 யென் கொடுப்பனவு உண்டு. பட்டப்படிப்பில் சேருமுன் ஆய்வு மாணவராகச் சில மாதங்கள் கழிவது வழக்கம் என்பதால் ஐந்து ஆண்டைச் சற்றே தாண்டும். இந்தியாவில் எம்.டெக். 2 ஆண்டு. தமிழ்நாட்டுக்குப் போனால் மொழிச் சிக்கல் இல்லை, செலவும் குறைவு. பாங்கொக்குக்கு வடக்கே உள்ள ஆசியத் தொழில்நுட்ப நிறுவகத்திலும் முதுமாணிக்கு இரண்டு ஆண்டு. 1959இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவகத்துக்கு இலங்கைப் பொறியியலாளர்கள் போய்வருவது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை: முதுமாணிக் கட்டணம் இங்கிலாந்தைப் போலவே கனமானது, கால அளவோ பெரும்பாலும் இரண்டு ஆண்டு.

இனி, எல்லோரும் கண்டு மிரளும் அமெரிக்கக் கலாநிதிப் பட்டம். இங்கேதான் என்னுடைய கணக்கு துண்டுப்பிரசுரக் கணக்கிலிருந்து முற்றாக விலகுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், முதுமாணி இல்லாமலே, நான்காண்டுப் பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிப் படிப்பில் சேரலாம். அவ்வாறு சேர்வோருக்குப் பொறியியல் துறைகளில் பொதுவாகக் கட்டண விலக்கும், கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்வதற்கான மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்கின்றன. ஐந்து அல்லது ஆறு ஆண்டு ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆறு ஆண்டில் கடன் என்பது விமானச் சீட்டுக்கும் முதல் மாத வாடகைக்கும் மட்டுமே. வழியில் ஏறத்தாழ 30 கிரெடிட் முடிந்ததும் பல இடங்களில் முதுமாணிப் பட்டமும் கையில் கிடைத்துவிடுகிறது. முதல் ஈராண்டுக்குள் வரும் தகுதிகாண் பரீட்சையில் தவறினாலோ, மனம் மாறினாலோ, அந்த முதுமாணியோடு வெளியேறலாம்.

நிழலான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கொடுப்பனவு ஒரு மாணவர் சிக்கனமாக வாழப் போதுமானது. வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சிறு தொகைதான். ஆய்வுப் பேராசிரியரின் நிதி நின்றுபோனால் இடையில் தடுமாற்றம் வரும். தங்கையின் கலியாணமும் தகப்பனின் சுகவீனமும் அந்த ஆறு ஆண்டுக்குள்தான் வரும்; வீசாவுக்குப் பயந்து அவசரத்துக்கு வந்துபோகவும் முடியாமல் தவித்தவர்களை நான் அறிவேன். வீட்டின் அடுப்பு முழுவதும் உங்கள் சம்பளத்தில் எரிகிறதென்றால், இது உங்களுக்கான வழியல்ல. வீட்டில் வேறொருவர் உழைத்துக்கொண்டிருந்தால், ஓராண்டுக் கடன் முதுமாணியைவிட ஆறாண்டுக் கலாநிதிப் படிப்பே பாரம் குறைந்தது என்பது என் முடிவு.

இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டம் 3 முதல் 4 ஆண்டில் முடிகிறது. பாடநெறி அதிகமின்றி நேராக ஆய்வுக்குள் இறங்குவதால் அந்த வேகம் சாத்தியமாகிறது. வெளிநாட்டவருக்கான நிதியோ அரிது. ஜெர்மனியில் பொறியியற் கலாநிதி ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் சம்பளம் பெறும் பணியாளராகவே இருப்பார். கற்பித்தலும் கைத்தொழில் நிறுவனங்களுக்கான செயற்றிட்டங்களும் சேர்ந்துகொள்வதால் நான்கைந்து ஆண்டு ஓடிவிடும். ஆனால் அந்த ஆண்டுகளுக்குச் சம்பளமும் சமூகக் காப்புறுதியும் உண்டு. அதற்கு முதுமாணி முன்னதாகவே வேண்டும் என்பதை மறந்து விண்ணப்பிப்போர் பலர்.

முதுமாணிப் படிப்பை நாட்சம்பளத்துக்கு ஒப்பிடலாம். குறித்த நாளை நிரப்பினால் பேர் விழும், அதாவது அந்த நாள் முழு வேலையாகப் பதிவாகும். கலாநிதிப் படிப்பில் தராசு காட்டுவதுதான் கணக்கு. எவ்வளவு காலம் செல்லும் என்பதை எடுத்துக்கொள்ளும் தலைப்பே பெருமளவு தீர்மானிக்கிறது. மலையகத்தவருக்கு நெருக்கமான ஒரு தலைப்பைக் கொண்டே இதைப் பார்க்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, மண்சரிவை ஆராய வேண்டும் என்ற எண்ணம் நமது மாணவர் பலருக்கு வந்தது. ஒரு சரிவில் நிலத்தடி நீர்மட்டத்தையும் மண்ணின் நகர்வையும் அளக்கக் கருவிகளைப் பதித்தால், குறைந்தது இரண்டு மழைக்காலத்தின் தரவாவது வேண்டும். நுவரெலியாவின் மேற்குச் சரிவுகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேல் பருவமழை முக்கியம். பதுளைப் பக்கத்துக்கு ஆண்டிறுதி மழை முக்கியம். அனுமதி தாமதமாகி ஒரு பருவத்தைத் தவறவிட்டால், ஆய்வு ஓராண்டு பின்தள்ளிப் போகும். அதே மண்சரிவைக் கணினி மாதிரியால் ஆராய்பவருக்கு மழைக்காகக் காத்திருக்கும் அவசியம் இல்லை. ஆய்வுகூடத்தில் மண்ணின் கொய்வு வலிமையை, அதாவது நழுவாமல் தாங்கும் வலிமையை, சோதிப்பவர் இருவருக்கும் இடையில் நிற்பார்.

ஆய்வுகூடப் பாதையில் நமக்கு முன்னோடி உண்டு. பேராதனையில் பொறியியற் பேராசிரியராகவும் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த அ. துரைராஜா, கேம்பிரிட்ஜில் மண்ணின் கொய்வு பற்றி ஆய்வு செய்து கலாநிதியானவர். 1963இல் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்டு ஆகியோரோடு அவர் எழுதிய களிமண் பற்றிய கட்டுரை, மண் பொறிமுறையின் அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்றாக இன்றும் கொள்ளப்படுகிறது. மூன்று ஆண்டில் முடிய வேண்டும் என்று நினைப்பவர் சோதனையும் கணிப்பும் தம் கைக்குள் அடங்கும் தலைப்பைத் தெரிவுசெய்வது நல்லது. மலையோடும் மழையோடும் வேலை செய்ய விரும்புபவர் ஐந்து ஆண்டுக்கு மனதைத் தயார்செய்துகொள்ளட்டும்.

இத்தனைக்கும் போட்டியாக, பட்டமே அல்லாத ஒரு தகைமை இருக்கிறது: இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வழங்கும் பட்டயப் பொறியியலாளர் (Chartered Engineer) நிலை. அந்த நிறுவனம் 2014இல் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அதனால் அதன் அங்கீகாரம் பெற்ற நான்காண்டுப் பட்டத்துக்கு ஏனைய உறுப்பு நாடுகளிலும் மதிப்புண்டு. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பொறியியற் பேரவையில் தொழில்புரிவோர் பதிவுசெய்துகொள்ள வேண்டும். மேற்கொத்மலை போன்ற நீர்மின் நிலையத்திலோ வீதி அமைப்பிலோ வரைபடத்தில் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க விரும்புபவருக்குக் கலாநிதிப் பட்டத்தைவிடப் பட்டய நிலையே பயன்படும். அதற்கான சில ஆண்டு அனுபவம் முழுவதும் சம்பளத்தோடு கழிகிறது. என் அளவுகோலில் பகுதிநேர முதுமாணியைப் போலவே இதிலும் வருமானமில்லா ஆண்டு பூச்சியமாக வருகிறது. இரண்டையும் ஒரே காலத்தில் கொண்டுபோகலாம் என்பது கூடுதல் வசதி.

பெண் பட்டதாரிகளின் கணக்கில் இன்னொரு வரி சேர்கிறது. 26 வயதில் ஆறாண்டுப் படிப்பு என்றதும் வீட்டில் எழும் பேச்சு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இந்தியாவின் 2022ஆம் ஆண்டுக் கலாநிதி ஒழுங்குவிதிகள் இதைக் கருத்தில் எடுத்திருக்கின்றன. அங்கே குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு, மீள்பதிவோடு 8 ஆண்டு என்று இருக்க, பெண்களுக்கு 10 ஆண்டு வரை தளர்வும் 240 நாள் வரையிலான மகப்பேற்று விடுமுறையும் உண்டு. வேறு நாடுகளில் விண்ணப்பிக்கும் பெண்கள், புலமைப்பரிசிலின் கால நீட்டிப்பு விதியையும் விடுமுறைக் காலத்துக்குக் கொடுப்பனவு தொடருமா என்பதையும் சேருமுன்னரே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, விண்ணப்பத்துக்கே ஓராண்டு பிடிக்கிறது என்பதை எந்தத் துண்டுப்பிரசுரமும் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில் சேர, அதற்கு முந்திய டிசெம்பரிலோ ஜனவரியிலோ விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதற்குள் ஆங்கிலத் தகுதிப் பரீட்சையை எழுதி, மூன்று சிபாரிசுக் கடிதங்களையும் பெற்றிருக்க வேண்டும். அந்தக் கடிதங்களில் ஒன்றையாவது இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை மேற்பார்வை செய்தவர் எழுதினால்தான் அதற்கு எடை இருக்கும். அவரிடம் செயற்றிட்டம் முடிந்த வாரத்திலேயே, உங்கள் வேலை அவர் நினைவில் பசுமையாக இருக்கும்போதே, போய்க் கேட்டுவிடுங்கள்.